நின்றுபோன பற்றரி ட்ரில்லைக் குப்பையில் போடுமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

திரைச்சீலைக் கம்பி மாட்டவும் சுவரில் ரவுல் பிளக் இறக்கவும் மேசன் பாஸைக் காத்திருக்கும் வீடுகள் கொழும்பில் குறைந்துவிட்டன. பழைய சோனகர் தெருவிலோ குவாரி வீதியிலோ ஒரு பற்றரி ட்ரில்லை வாங்கி வந்து அவரவரே செய்துகொள்கிறார்கள். நல்ல விடயம். ஆனால் அது ஒரு நாள் நின்றுவிட்டால், "பற்றரி செத்துவிட்டது, புதிது வாங்குவதே லாபம்" என்று ஒரே தீர்ப்பு. 2022இல் ரூபா விழுந்து இறக்குமதிப் பொருளின் விலை எங்கேயோ போன பிறகும் இந்தப் பழக்கம் மாறவில்லை. ஒரு சாதாரண மல்ரிமீற்றர், டி-10 அளவு நட்சத்திர முனை ஸ்குரூ டிரைவர், அரை மணித்தியாலப் பொறுமை ஆகிய மூன்றும் இருந்தால் பழுது எங்கே என்று வீட்டு மேசையிலேயே கண்டுபிடித்துவிடலாம். வாசகர்களுக்கு உதவும் என்பதால் முறையை எழுதுகிறேன்.

கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை உண்டு. முன்னோக்கிச் சுற்ற, பின்னோக்கிச் சுற்ற என்று, விரலால் இழுக்கும் விசைக்கு மேலே இருக்கும் பொத்தான் நடுவில் நின்றால் விசை பூட்டப்பட்டிருக்கும், அது பழுதல்ல. பிட்டைக் கவ்வும் சக்குக்குப் பின்னால் உள்ள வளையத்தை இலக்கங்களில் வைத்துவிட்டுச் சுவரில் துளையிட்டால் "கடகட" என்று சத்தம் வந்து பிட் நின்றுவிடும். அந்த இலக்கங்கள் ஸ்குரூ முறுக்குவதற்கு. துளையிடுவதற்கு ட்ரில் பிட் படம் போட்ட இடத்துக்கே வளையத்தைத் திருப்ப வேண்டும். மேலே உள்ள 1, 2 வேகப் பொத்தான் பாதியில் நின்றாலும் மோட்டார் சுற்றும், சக் சுற்றாது. விசையை மெல்ல ஒரு தட்டுத் தட்டியபடி பொத்தானை முழுதாகத் தள்ளினால் கியர் விழும்.

அடுத்தது முன்விளக்கு. விசையை இழுக்கும்போது எரியும் அந்தச் சிறிய விளக்கு நிறையச் சொல்லும். விளக்கே வராவிட்டால் மின்சாரம் கைப்பிடி வரை வரவில்லை. பற்றரியில் அல்லது அது கருவியோடு சேரும் தொடுமுனையில் தேட வேண்டும். விளக்கு வந்து, விசையை மேலும் இழுத்ததும் மங்கினால் மின்சாரம் வருகிறது, ஆனால் பாரம் தாங்கவில்லை. விளக்கு பளிச்சென்று எரிந்து மோட்டார் மட்டும் மௌனமாக இருந்தால் பெரும்பாலும் சுவிச் அல்லது மோட்டாரின் சுற்றும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கரித்துண்டான கார்பன் பிரஷ்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை பக்கம் கடற்கரையை ஒட்டி வசிப்பவர்கள் தொடுமுனைகளை முதலில் சந்தேகிக்க வேண்டும். உப்புக்காற்று பித்தளைத் தகட்டில் பச்சையாகவோ கறுப்பாகவோ ஒரு படலத்தை உண்டாக்கும். கண்ணுக்கு மெல்லியதுதான், ஆனால் பத்து, பதினைந்து அம்பியர் போகும் இடத்தில் அந்தப் படலமே தகட்டைச் சூடாக்கி, சுற்றியுள்ள பிளாஸ்ரிக்கை உருக்கும். 600ஆம் இலக்க மண்தாளைத் தகட்டின் அகலத்துக்கு மடித்து நாலைந்து முறை தேய்த்து, ஐசோபுரோபைல் அல்ககோல் தோய்த்த துணியால் துடையுங்கள். பற்றரியைக் கையால் ஆட்டும்போது விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் பெண்முனைத் தகடு தளர்ந்துவிட்டது என்று பொருள். மெல்லிய மூக்குக் குறட்டால் இலேசாக நெருக்கினால் போதும். இந்த ஒரு வேலையிலேயே எழுந்துவிடும் ட்ரில்கள் பல.

இனிப் பற்றரி. உறையில் 21 என்றோ 48 என்றோ 88 என்றோ அச்சிட்டிருக்கலாம். அதை நம்பாமல் உள்ளே எத்தனை செல் என்று பாருங்கள். லித்தியம் அயன் செல் ஒன்றின் சராசரி 3.6 வோல்ட், முழுதாக நிரம்பினால் 4.2. ஐந்து செல்களைத் தொடராக இணைத்தால் 18, நிரம்பியவுடன் 21. மூன்று செல் என்றால் 10.8, நிரம்பியவுடன் 12.6. ஐந்து செல்லை வைத்துக்கொண்டு 88 வோல்ட் என்று எழுதி விற்பது பாவனையாளரை ஏமாற்றுவதன்றி வேறில்லை.

சார்ஜ் செய்து எடுத்த ஐந்து செல் பற்றரி மீற்றரில் 20.5க்கு மேல் காட்ட வேண்டும். ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்து "பற்றரி நல்லது" என்று முடிவு செய்வதுதான் அதிகம் நடக்கும் தவறு. பாரமில்லாமல் அளந்தால் தளர்ந்த செல்லும் நல்ல எண்ணையே காட்டும். பஞ்சிகாவத்தையில் பழைய கார் ஹெட்லைற் பல்ப், 12 வோல்ட் 60 வாற்று, இரண்டு வாங்கித் தொடராக இணைத்துப் பற்றரியில் கொடுங்கள். ஏறத்தாழ 4 அம்பியர் இழுக்கும். பல்ப் எரியும்போதே அளவெடுங்கள். ஒரு வோல்ட் அளவுக்குள் இறங்கினால் பற்றரியில் உயிர் இருக்கிறது. மூன்று, நாலு வோல்ட் விழுந்தால் உள்ளே ஒரு செல்லாவது போய்விட்டது. பல்ப் கடும் சூடாகும். ஓட்டுத் தரையில் வைத்துச் செய்யுங்கள், அரை நிமிடம் போதும்.

உறையைத் திறக்குமுன் மோதிரம், காப்பு, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். தவறுதலாக ஒரு உலோகத் துண்டு இரு முனைகளைத் தொட்டால் வரும் மின்னோட்டம் தோலைப் பொசுக்கும். திறந்த பிறகு ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நான்கு செல் 4.0 காட்டி ஒன்று மட்டும் 3.2 காட்டினால் அது சமநிலை இழந்த பற்றரி. மலிவான பல பற்றரிகளில் உள்ள பாதுகாப்புச் சுற்று வோல்ட் குறைந்தால் துண்டிக்குமே தவிர, செல்களைச் சமப்படுத்தாது. அந்த ஒரு செல்லை மட்டும் 4.2 வோல்ட்டில் நிற்கும் தனிச் செல் சார்ஜரால் 0.5 அம்பியர் அளவில் ஏற்றி மற்றவற்றுக்குச் சமமாக்கலாம். ஒரு வாரம் சும்மா வைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். அது மட்டும் திரும்ப இறங்கியிருந்தால் உள்ளே கசிவு. அந்தச் செல்லை நம்ப முடியாது. 2 வோல்ட்டுக்குக் கீழே நெடுநாள் கிடந்த செல்லை "உயிர்ப்பிக்க" முயல வேண்டாம். உள்ளேயுள்ள செப்புத் தகடு கரைந்து, பிறகு சார்ஜ் ஏறும்போது உட்பக்கமாகவே குறுக்குச்சுற்று ஆகக்கூடும். வீங்கியது, ஒழுகியது, இனிப்பான கரைப்பான் மணம் வீசுவது எதையும் சார்ஜரில் போடக் கூடாது.

செல் மாற்றுவதானால் ஐந்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். நாலு பழசோடு ஒரு புதுசு சேர்ந்தால் பழசு முதலில் வற்றி, பழைய கதை திரும்பும். 18650 என்ற பெயரே 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம் என்பதைக் குறிக்கிறது. டோர்ச் லைற் செல்லும் இதே அளவுதான், ஆனால் ட்ரில்லுக்கு ஆகாது. தொடர்ந்து 20 அம்பியர் தரக்கூடிய ரகம் தேவை. அவற்றின் கொள்ளளவு 2000 முதல் 2500 மில்லி அம்பியர் மணி வரை இருப்பதே வழக்கம். 9900 என்று எழுதியிருந்தால் அது பொய்யான செல். இந்த அளவுச் செல்லில் 3600ஐத் தாண்டுவதே அரிது. ஈயப்பற்று நேரடியாகச் செல்லின் மேல் வைக்கக் கூடாது. சூடு உள்ளே இறங்கி முத்திரையையும் பிரிப்புத் தாளையும் கெடுக்கும். 0.15 மில்லிமீற்றர் நிக்கல் பட்டையை ஸ்பொட் வெல்டிங் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

சார்ஜ் ஏற மறுக்கிறது, பற்றரியோ நன்றாக அளக்கிறது என்றால் டி என்று குறித்த மூன்றாவது முனையைக் கவனியுங்கள். அது சூட்டை உணரும் தடை. பல பற்றரிகளில் 25 பாகையில் 10 கிலோ ஓம். நம் ஊர் அறைச் சூட்டில் 8 முதல் 9 வரை காட்டும். முடிவிலி காட்டினால் அதன் கம்பி அறுந்திருக்கிறது.

பற்றரி நன்றாக இருந்தும் ட்ரில் அசையாவிட்டால் சுவிச்சுக்கு வரலாம். மெதுவாக இழுத்தால் அசையாமல், கடைசி வரை இழுத்ததும் முழு வேகத்தில் பாய்ந்தால், சுவிச்சுக்குள் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மொஸ்ஃபெட் என்ற எலெக்ரோனிக் பாகம் போய்விட்டது. முழுதாக இழுக்கும்போது அதைத் தாண்டி ஒரு நேரடித் தொடுகை மூடிக்கொள்வதால்தான் மோட்டார் ஓடுகிறது. இதற்கு நேர்மாறாக, பற்றரி செருகியதுமே விசையைத் தொடாமல் சுற்ற ஆரம்பித்தால் அதே மொஸ்ஃபெட் குறுக்குச்சுற்றாகிவிட்டது. இது ஆபத்து, பற்றரியை உடனே கழற்றிவிடுங்கள். ஒரு திசையில் ஓடி மறுதிசையில் ஓடாவிட்டால் திசை மாற்றும் தொடுகை கரிந்திருக்கும். மூன்றுக்கும் மருந்து ஒன்றே: புதிய சுவிச். பழையதன் பக்கத்தில் அச்சிட்ட வோல்ட், அம்பியர், கம்பிகளின் எண்ணிக்கை, முன்விளக்குக் கம்பி உண்டா என்பவற்றைக் குறித்து, கழற்றுமுன் இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு போனால் சரியானதை வாங்கலாம். கம்பி தடித்தது, 60 வாற்றுச் சூட்டுக்கோல் வேண்டும். மொஸ்ஃபெட் பொருந்திய அலுமினியத் தகட்டை மோட்டார் விசிறியின் காற்றுப்படும் அதே பள்ளத்தில் திரும்ப வையுங்கள். இதை மறந்தால் புதிய சுவிச்சும் சில வாரத்தில் போகும்.

சுவிச்சா மோட்டாரா என்ற ஐயத்தை ஒரு பல்ப் தீர்க்கும். மோட்டாரை கியர்பொக்ஸிலிருந்து பிரித்து, பற்றரிக்கும் அதற்கும் இடையே 12 வோல்ட் 21 வாற்று பிரேக் பல்பைத் தொடராக இணையுங்கள். மோட்டார் சுற்றினால் குற்றம் சுவிச்சில். பல்ப் எரியவே இல்லையென்றால் கார்பன் பிரஷ் தேய்ந்தோ சிக்கியோ தொடர்பு அறுந்திருக்கிறது. பல்ப் பிரகாசமாக எரிந்தும் மோட்டார் அசையாவிட்டால் தாங்கி இறுகியிருக்க வேண்டும், இல்லையேல் சுருள் எரிந்திருக்க வேண்டும். சிறிய ட்ரில்களின் மோட்டாரில் பிரஷ் பின்மூடியோடு பொருத்தியே வருகிறது. அங்கே முழு மோட்டாரையும் மாற்றுவதுதான் நடைமுறை. மோட்டாருக்கு மூன்று தடித்த கம்பி போனால் அது பிரஷ் இல்லாத ரகம். அதன் எலெக்ரோனிக் பலகையை வீட்டில் திருத்த முனைய வேண்டாம். ஹாமர் வசதி இல்லாத 12 வோல்ட் ட்ரில்லைக் கொன்கிறீற் தூணில் வைத்து அழுத்துவதுதான் மோட்டார் எரிவதற்கு முக்கிய காரணம். சீமெந்துக் கல்லோடு அதை நிறுத்திக்கொள்ளுங்கள்.

கியர்பொக்ஸில் தேங்காய் எண்ணெய் விட வேண்டாம், தயவுசெய்து. அது பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக் கல்லாகும். பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு லித்தியம் கிரீஸ் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகப் பூசினால் போதும்.

சக் பிட்டைப் பிடிக்காவிட்டால் வாயை முழுதாகத் திறந்து உள்ளே பாருங்கள். அடியில் ஒரு ஸ்குரூ இருக்கும். அது இடமரை: கழற்ற வலப்பக்கம் திருப்ப வேண்டும். இது தெரியாமல் இடப்பக்கம் முறுக்கித் தலையை நாசமாக்கியவர்கள் ஏராளம். பிறகு 10 மில்லிமீற்றர் அலன் சாவியை வாயில் கவ்வ வைத்து, வேகத்தை 1இல் போட்டு, முன்னிருந்து பார்க்க இடஞ்சுழியாகத் திரும்பும்படி மரச் சுத்தியலால் ஒரு தட்டு. சக் கழன்றுவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. சார்ஜர் முனை நேரே பற்றரியில் குத்தும் மலிவு ட்ரில்களில் 12.6, 16.8, 21 வோல்ட் சார்ஜர்கள் மூன்றுக்கும் ஒரே அளவு முனை வருவதுண்டு. 21 வோல்ட் சார்ஜரை மூன்று செல் பற்றரியில் குத்தினால் தீப்பற்றும் ஆபத்து. வீட்டில் இரண்டு ட்ரில் இருந்தால் சார்ஜர் தலையில் வர்ண நாடா சுற்றி அடையாளம் வையுங்கள். மெத்தை மேல், சோபா மேல் வைத்துச் சார்ஜ் செய்யக் கூடாது. வேலை முடிந்த சூட்டோடும் செருகக் கூடாது, அரை மணித்தியாலம் ஆறட்டும். தொடர்மாடிகளில் ஒரு வீட்டின் தீ பத்து வீட்டுக்குப் பொது. செத்த செல்லின் இரு முனையிலும் நாடா ஒட்டி, மாநகர சபைக் குப்பையோடு கலக்காமல் மின்னணுக் கழிவு ஏற்பவர்களிடம் கொடுங்கள். குப்பை லொறியில் நசுங்கும் செல் தீயாகும்.

வணிகர்களிடமும் இறக்குமதியாளர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ட்ரில் விற்கும் கடையில் அதற்குரிய சுவிச்சும் சார்ஜரும் தனியாகக் கிடைக்க வேண்டும். முதலாம் குறுக்குத் தெருவில் தொலைபேசியின் சிறு பாகம் கூடத் தனியாகக் கிடைக்கும்போது இது முடியாத காரியமல்ல. பொருட்களின் மேல் என்ன விபரம் அச்சிட வேண்டும் என்று பணிப்புரை விடுக்கும் அதிகாரம் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு உண்டு. பற்றரி உறையில் செல்லின் எண்ணிக்கை, உண்மையான வோல்ட், மில்லி அம்பியர் மணி ஆகிய மூன்றையும் தமிழிலும் சிங்களத்திலும் கட்டாயமாக்குமாறு அதிகாரசபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மின்கருவி திருத்தும் தொழிலில் உள்ள வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.