வானத்துக் கோடுகள்

ஆர்லாண்டோ
14.12.2025

அன்புள்ள முருகேசா,

நலம், நலமறிய ஆவல். எட்டு மாதமாகக் கடிதம் போடாததற்கு நீ திட்டப்போவதையெல்லாம் நானே என்னைத் திட்டிக்கொண்டுவிட்டேன். மிச்சத்தை நேரில் வைத்துக்கொள். சரஸ்வதியின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? குடை விஷயத்தை வாத்தியாரிடம் சொல்லித் தொலைக்கவில்லையே?

நான் வேலை பார்க்கும் சிறிய விமான நிலையத்தில் அக்டோபரிலிருந்து மாதாமாதம் ஓர் அறிக்கை அனுப்புகிறோம். வானிலையை மாற்றும் கருவி பொருத்திய விமானம் ஏதும் இங்கே வந்து நின்றதா? இல்லை. அடுத்த மாதம்? அதுவும் இல்லை. அனுப்பாமல் விட்டால் மாநில அரசின் பணம் நின்றுபோகும். ஜூன் மாதம் ஃபுளோரிடா ஆளுநர் டிசான்டிஸ் கையெழுத்திட்ட சட்டம் இது. விமானத்தின் பின்னால் வானத்தில் வெள்ளைக் கோடு விழுகிறதே, அது யாரோ ரகசியமாகத் தூவும் ரசாயனம் என்று இங்கே ஒரு வதந்தி; சட்டம் அதிலிருந்து பிறந்ததுதான். வெயிலையோ மழையையோ மாற்றும் நோக்கத்தோடு காற்றில் எதையாவது தூவினால் 5 ஆண்டு வரை சிறை, 1,00,000 டாலர் வரை அபராதம். 2024இல் டென்னசி மாநிலம் இதைத் தொடங்கி வைத்தது. அங்கே விவாதம் நடந்தபோது எதிர்க்கட்சிக்காரர் ஒருவர், அப்படியே பிக்ஃபுட்டையும் (காட்டில் திரிவதாகக் கதை சொல்வார்களே, அந்தக் குரங்கு மனிதன்) காப்பாற்றிவிடுங்கள் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். நம் கோவிந்தன் இருந்திருந்தால் அதை வழிமொழிந்திருப்பான்.

நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், போன ஞாயிறு வரை. பக்கத்து வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற தபால்காரர், தன் மரத்து ஆரஞ்சு ஒன்றைப் பிளந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். பழம் ஒரு பக்கம் கோணியிருந்தது. அடிப்பக்கம் பச்சை மாறவே இல்லை. சாறு கசந்தது. "மேலே கோடு போடுகிறார்களே, அதனால்தான்" என்றார். கடுகளவுப் பூச்சி பரப்பும் பாக்டீரியா நோய், 2005இலிருந்தே ஃபுளோரிடாவின் தோட்டங்களைத் தின்கிறது என்று சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒன்றும் இல்லாமலா உன்னிடம் மாதாமாதம் அறிக்கை கேட்கிறார்கள்?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. வதந்தி சட்டமாகிறது, பிறகு அந்தச் சட்டமே வதந்திக்குச் சாட்சி சொல்ல வந்து நிற்கிறது. எனக்குக் கோபம் அவர்மேல் வரவில்லை.

மார்கழிக் காலையில் வாயால் ஊதினால் புகை வருமே, அந்தக் கோடும் அதுதான். ஒரு கிலோ எரிபொருள் எரிந்தால் ஒன்றேகால் கிலோ நீராவி வெளிவரும். பத்துக் கிலோமீட்டர் உயரக் குளிரில் அது கரித்துகளைப் பற்றிக்கொண்டு பனித்துகளாக உறைகிறது. காற்று உலர்ந்திருந்தால் உடனே கரைந்துவிடும். ஈரமாக இருந்தால் பரவி மெல்லிய மேகமாகிவிடும். அங்கேதான் வினை. இரவில் தரை வெளிவிடும் வெப்பத்தை அந்த மேகம் போர்வைபோலப் பிடித்து வைத்துக்கொள்கிறது. விமானங்கள் கக்கும் கரியமில வாயுவைவிட இந்த மேகங்கள் அதிகம் சூடாக்கக்கூடும் என்று 2021இல் ஒரு கணக்கு வந்தது. பெரியவர் பார்க்கிற இடம் சரிதான் முருகேசா; அவர் யார்மேல் சந்தேகப்படுகிறாரோ, அதுதான் தவறு.

இதற்கு வழியும் இருக்கிறது. 2023இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் கூகுளோடு சேர்ந்து 70 விமானப் பயணங்களில் ஈரமான அடுக்குகளைத் தவிர்த்துக் கொஞ்சம் ஏறியும் இறங்கியும் பறந்து பார்த்தார்கள். கோடுகள் பாதிக்கு மேல் குறைந்தன. என் அறிக்கையில் இதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. வேண்டுமென்று தூவினால்தான் குற்றம். தினமும் தானாக நடப்பதை யாரும் கேட்பதில்லை.

ரொம்பவும் பேசிவிட்டேனோ? உலகில் நூற்றுக்கு ஒருவர்தான் பயணிகள் விமானங்களின் புகையில் பாதிக்குக் காரணம் என்று படித்தபோது, இந்த ஆண்டு நான் மூன்று முறை சென்னை வந்து போனதை விரல் விட்டு எண்ணினேன். அதில் ஒன்று உன் மைத்துனன் கல்யாணம். அந்தச் சாம்பாருக்காக இவ்வளவு எரிபொருளா?

ஜனவரி 20இல் மறுபடியும் வருகிறேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, திட்டாதே. பெரியவர் சீடைதான் கேட்டிருக்கிறார். உன் அம்மா கையால் ஒரு டப்பா செய்து வைக்கச் சொல்.

அன்புடன்,
சேகர்