அது துணிச்சல் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஹாலிவுட் நட்சத்திரங்களைப் பற்றிக் கிசுகிசு எழுதிப் பேர்பெற்ற பத்திரிகையாளர் ஹெட்டா ஹாப்பரின் நினைவுக் குறிப்புகள் பற்றிய கட்டுரைக்கு வந்த கடிதங்களைப் போன இதழில் படித்தேன். பெரும்பாலும் பாராட்டுதான். யாருக்கும் பயப்படாமல் ஹாலிவுட்டின் உள்விவகாரத்தைப் போட்டு உடைத்திருக்கிறார், என்ன துணிச்சல் என்று ஒருவர் வியந்திருந்தார். எனக்கு மனசு ஒப்பவில்லை. புத்தகம் விறுவிறுப்பானது என்பதில் சந்தேகமில்லை, நானும் கீழே வைக்காமல் படித்தவள்தான். ஆனால் அடுத்தவர் வீட்டுக் கதவைத் திறந்து காட்டுவது எப்படித் துணிச்சலாகும்?

நடிகர் மைக்கேல் வைல்டிங் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நடிகை எலிசபெத் டெய்லர் அவரை மணந்தது 1952இல். அந்த ஆள் ஓரினச் சேர்க்கையாளர் என்று டெய்லரைத் தான் முன்கூட்டியே எச்சரித்ததாக 1963இல் வந்த இந்தப் புத்தகத்தில் ஹாப்பர் எழுதினார், கூடவே இன்னொரு நடிகரான ஸ்டூவர்ட் கிரேஞ்சர் பெயரையும் இழுத்துவிட்டார். இருவருமே இங்கிலாந்துக்காரர்கள், அப்போது அங்கே ஆண்களுக்கிடையிலான உறவு தண்டனைக்குரிய குற்றம், 1967இல்தான் அந்தச் சட்டம் மாறியது. அதாவது ஒரு மனிதரைச் சட்டத்தின் முன் குற்றவாளியாக நிறுத்தக்கூடிய வார்த்தையை, ஒரு சுவையான சம்பவம் போல, கல்யாணம் முறிந்து பல வருடம் கழித்து அச்சில் ஏற்றியிருக்கிறார். வைல்டிங் மானநஷ்ட வழக்குப் போட்டார், கடைசியில் அவருக்குப் பணம் கொடுத்து வழக்கை முடித்தார்கள். பாராட்டிய கடிதங்களில் ஒன்றிலாவது இந்த வழக்கைப் பற்றி ஒரு வரி இருக்கும் என்று தேடினேன், இல்லை.

சாப்ளின் கதை இன்னும் மோசம். 1943இல் ஜோன் பேரி என்ற இளம் பெண் தன் குழந்தைக்கு அவர்தான் தகப்பன் என்று சொன்னபோது அந்தப் பெண்ணுக்காக முன்னால் நின்று எழுதியவர் ஹாப்பர். ரத்தப் பரிசோதனை அவர் தகப்பன் இல்லை என்றது, ஆனாலும் ஜூரி அவருக்கு எதிராகத்தான் முடிவு சொன்னது. ஹாப்பர் அதோடு விடவில்லை, சாப்ளினுடைய அரசியலைப் பற்றியும் வருடக்கணக்கில் எழுதினார், அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யின் தலைவர் ஹூவரோடு கடிதத் தொடர்பும் வைத்திருந்தார்.

சரி, கிசுகிசு எழுதுகிறவர் தன் வாழ்க்கையை எழுதும்போது வேறு எதைத்தான் எழுதுவார் என்று கேட்பீர்கள். தன் தொழிலை எழுதலாமே! எந்த ஸ்டுடியோவின் விளம்பர ஆள் எனக்குச் சேதி சொன்னான், பதிலுக்கு எதை எழுதாமல் விடச் சொன்னான், யார் மேல் இருந்த கோபத்தில் எந்த வரியைப் போட்டேன், அதனால் யாருக்கு வாய்ப்புப் போனது. அதையெல்லாம் ஒளிக்காமல் எழுதியிருந்தால் நானும் துணிச்சல் என்று சொல்லியிருப்பேன்.

இதில் நமக்கும் பங்கு உண்டு. ஹாப்பருக்கு வாசகர்கள் எழுதிய கடிதங்கள் ஆஸ்கர் விருது தரும் அகாடமியின் மார்கரெட் ஹெரிக் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. 'இது உங்களுக்கு எப்படித் தெரியும், யார் சொன்னது' என்று கேட்ட கடிதம் அதில் ஒன்றாவது இருக்குமா என்று பார்க்க எனக்கு ரொம்ப ஆசை.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி