கறியை அளந்த ஊரும் சோற்றை அளந்த ஊரும்

திருகோணமலை

அன்பின் சிநேகிதனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். வாடை தொடங்கிவிட்டது. கடல் கொந்தளிப்பாக இருப்பதால் சந்தையில் மீன் குறைவு, விலையும் ஏறிவிட்டது.

பேத்தியின் பள்ளிக்கூட வேலைக்காக, இங்கிலாந்தில் இரண்டாம் யுத்த காலத்துப் பங்கீடு எப்படி நடந்தது, நம்முடைய கூப்பனும் அதுவும் ஒன்றுதானா என்று கேட்டிருந்தாய். ஒன்றில்லை மச்சான். அங்கே பாணுக்குத் தொட்டுக்கொள்ளும் சாமான்களைத்தான் அளந்தார்கள். வயிற்றை நிரப்பும் பாணையும் உருளைக்கிழங்கையும் யுத்தம் முடியும்வரை அளக்கவில்லை. இங்கே சோற்றையே அளந்தார்கள். இதைப் பிள்ளைக்கு முதலில் சொல்லு.

அங்கே 1940 ஜனவரி 8 அன்று பேக்கன் (உப்பிட்ட பன்றி இறைச்சி), பட்டர், சீனி மூன்றோடு தொடங்கியது. பிறகு இறைச்சி, தேயிலை, சீஸ் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. அளவு அடிக்கடி மாறியது. ஆனாலும் வளர்ந்த ஒருவருக்குக் கிழமைக்குப் பேக்கன் 4 அவுன்ஸ், பட்டர் 2, மாஜரின் 4, சீனி 8, தேயிலை 2, சீஸ் 2 அவுன்ஸ், ஒரு முட்டை என்று வைத்துக்கொண்டால் பெரிய பிழை வராது. ஒரு அவுன்ஸ் ஏறத்தாழ 28 கிராம். 57 கிராம் பட்டரைத் தட்டில் வைத்து, ஏழு நாளைக்கு இவ்வளவுதான் என்று காட்டு, பிள்ளைக்கு உடனே விளங்கும். இறைச்சி மட்டும் நிறையில் இல்லை, விலையில். ஆளுக்கு 1 ஷில்லிங் 2 பென்ஸ் பெறுமதி. மலிந்த துண்டு எடுத்தவளுக்குக் கூடுதலாகக் கிடைத்தது, நல்ல துண்டு கேட்டவளுக்குக் குறைந்தது. மீனுக்குக் கூப்பன் இல்லை, ஆனால் வரிசையில் நிற்க வேண்டும்.

இந்த முறை நடந்ததே கடைப் பதிவினால்தான். ஒவ்வொரு வீடும் குறிப்பிட்ட கடையில் பெயரைப் பதிய வேண்டும். அந்தக் கடையில் எத்தனை பேர் பதிந்தார்களோ அத்தனை பேருக்கு மட்டும் சாமான் அனுப்புவார்கள். வேறு கடையில் போய்க் கேட்க முடியாது. இதனால் விலை கூடக் கொடுக்கக்கூடியவன் முழுவதையும் அள்ளிக்கொண்டு போவது நின்றது. ஆனால் கடைக்காரன் தராசில் பிசகினால் தாங்காது. நூறு பேருக்குத் தலைக்கு 2 அவுன்ஸ் சீஸ் என்றால் வருவது 200 அவுன்ஸ். பெரிய கட்டியை வெட்டும்போது ஒவ்வொருவருக்கும் அரைக்கால் அவுன்ஸ் கூடிவிட்டால் 94 பேரோடு கட்டி முடிந்துவிடும், கடைசி ஆறு பேருக்கு வெறுங்கை. அரைக்கால் அவுன்ஸ் என்பது கத்தி கொஞ்சம் சாய்ந்தாலே வரும் வித்தியாசம்.

டின் சாமான்களுக்கு 1941 டிசம்பரில் புள்ளி முறை வந்தது. ஒவ்வொரு சாமானுக்கும் இத்தனை புள்ளி என்று இருக்கும். ஆளுக்கு நாலு கிழமைக்கு 16 புள்ளி, அதற்குள் விரும்பிய கடையில் விரும்பியதை வாங்கலாம். ஒரு சாமான் தேங்கினால் அதன் புள்ளியைக் குறைப்பார்கள், ஓடி முடிந்தால் கூட்டுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். வீட்டுக்காரி தன் விருப்பப்படி தெரிவு செய்ய ஒரு சின்ன இடம் விட்டார்கள். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர் இறைச்சிக் கூப்பனைத் திருப்பிக் கொடுத்தால் கூடுதல் சீஸ் உண்டு. கர்ப்பிணிகளுக்கும் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் பச்சை நிறப் பங்கீட்டுப் புத்தகம், அவர்களுக்குப் பாலிலும் முட்டையிலும் முதலுரிமை. பள்ளிப் பிள்ளைகளுக்கு நீலம்.

அங்கே முட்டைக்குப் பதிலாகப் பாவித்த முட்டைத்தூளைப் பேத்தி செய்து பார்க்கலாம். மட்டமாக ஒரு மேசைக்கரண்டி தூளுக்கு இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர், அது ஒரு முட்டை. கரண்டியைக் குவித்து அள்ளினால் பொரியல் ரப்பர் மாதிரி வரும். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் கட்டி தட்டும். கரைத்ததை உடனே சமைத்துவிட வேண்டும், வைத்தால் கெட்டுவிடும்.

இனி நம்முடைய கதை. இலங்கைக்கு வேண்டிய அரிசியில் பெரும் பங்கு வெளியிலிருந்து, முக்கியமாகப் பர்மாவிலிருந்து வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்ததோடு அந்த வழி அடைபட்டது. ஏப்ரல் 9 அன்று நம் துறைமுகத்திலேயே ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. அந்த ஆண்டிலேயே அரிசிக்குக் கூப்பன் வந்தது. உணவுப் பொறுப்பு அரச அதிகாரி ஒலிவர் குணதிலக்கவிடம் இருந்தது. சாமான் பகிர நாடு முழுக்கச் சங்கக்கடைகள், அதாவது கூட்டுறவுக் கடைகள், எழும்பின. மீனும் தேங்காயும் இங்கேயே கிடைப்பவை, ஆனால் அவற்றைச் சோற்றோடுதானே தின்ன வேண்டும்? அரிசியின் குறையை நிரப்பக் கோதுமை மா வந்தது. அரிசிமாவில் பழகிய கை கோதுமை மாவில் பிட்டு அவித்தால் பசைத்தன்மையால் களியாகிவிடும். அதற்குத்தான் மாவை முதலில் அவிப்பது: ஒரு கிலோ மாவைத் தளர்வாகச் சீலையில் கட்டி முக்கால் மணித்தியாலம் ஆவியில் வைத்து, சூடு ஆறுமுன் உடைத்து அரிக்க வேண்டும். ஆறவிட்டால் கல்லாகும். மூடியிலிருந்து தண்ணீர் சொட்டினால் அந்த இடம் கட்டிபடும், அதனால் மேலே இன்னொரு துணி போடுவது நல்லது. பிறகு உப்புத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் குழைத்தால் பிட்டு உதிரியாக வரும்.

அங்கே யுத்தம் முடிந்த பிறகுதான் பாணுக்குக் கூப்பன் வந்தது, 1946 ஜூலையிலிருந்து 1948 ஜூலை வரை. எல்லாம் முடிந்தது 1954 ஜூலை 4. இங்கே அரிசிக் கூப்பன் இலேசில் போகவில்லை. 1953-இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியபோது ஓகஸ்ட் 12 அன்று ஹர்த்தாலே நடந்தது. 1979-இல் உணவு முத்திரை வந்துதான் கூப்பன் அரிசி முடிந்தது. ஒரு கொத்து இரண்டு றாத்தல், அதையும் பிள்ளைக்குச் சொல்லு.

உன் அயலில் வயதானவர்கள் யாரிடமாவது பழைய பங்கீட்டுப் புத்தகம் இருந்தால், கடைக்காரர் பெயர் எழுதும் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. அதைப் பார்க்க எனக்கு ஆசை. தங்கச்சியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்லு.

என்றும் உன்
பழைய சிநேகிதன்