மணியைக் கூட்டிப் போகும் முன்

அன்புள்ள தேவிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பா, ஆச்சி, நான் எல்லோரும் நலம். பொங்கலுக்கு வரும்போது மணியைப் புனேவுக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொன்னாய். சந்தோஷம்தான். கல்லூரியில் படிக்கும்போது நீ துண்டில் சுற்றிக் கொண்டுவந்த நாய்க்குட்டி, உன்னிடமே இருக்கட்டும். ஆனால் போன ஆவணியில் அவன் பல்லுக்கு நடந்ததை உனக்குப் பாதிதான் சொன்னேன். புது வேலைக்குப் போன பிள்ளையைப் பயமுறுத்தாதே என்று அப்பா சொல்லிவிட்டார். இனி அவனைப் பார்த்துக்கொள்ளப் போவது நீ. போனில் பேசினால் ஏதாவது விட்டுப்போகும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆடியிலேயே அவன் வலது கண்ணுக்குக் கீழே கோலிக்குண்டு அளவுக்கு வீங்கியது. தோட்டத்தில் குளவி கொட்டியிருக்கும் என்று ஆச்சி மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டார்கள். இரண்டு நாளில் வற்றியது. நானும் விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் மறுபடியும் வீங்கி, உடைந்து, சீழும் ரத்தமும் கன்னத்து முடியெல்லாம் ஒட்டிக்கொண்டது. கண்ணில்தான் ஏதோ என்று பதறி, ஆட்டோ பிடித்து ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா கண்ணைப் பார்க்கவே இல்லை. உதட்டைத் தூக்கி மேல் கடைவாயைக் காட்டினார். கறியைக் கிழிக்கிற பெரிய பல் ஒன்று இருக்கிறது, அது விரிசல் விட்டிருந்தது. அதற்கு மூன்று வேர், அவை முடிகிற இடம் கண்ணுக்கு நேர் கீழே. வேரில் சீழ் கட்டினால் வீக்கம் கண்ணடியில்தான் தெரியுமாம்.

பல் எப்படி விரிசல் விட்டது தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி எடுத்தால் நல்லி எலும்பை அவனுக்குத்தானே போடுவோம். அந்த எலும்புதான். நகத்தை அழுத்தினால் பதியாத எதையும் நாய்க்குக் கடிக்கக் கொடுக்காதீர்கள் என்றார். மாட்டுக்கொம்பு, குளம்பு என்று கடைகளில் விற்பதற்கும் அதே கணக்குதான். வேகவைத்த எலும்பில் இன்னொரு ஆபத்தும் உண்டு, சில்லாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்திவிடும். இத்தனை வருடம் அதைப் பாசம் என்று நினைத்துப் போட்டேன்.

அந்த ஒரு பல்லோடு முடியவில்லை. அவன் வாய் நாறும் என்று நீகூட மூக்கைப் பொத்துவாய். நாய் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நாம் பேசிக்கொள்வோம். அது நாயின் வாசம் இல்லை, ஈறு அழுகுகிற வாசம். சாப்பிட்ட சில மணி நேரத்தில் பல்லில் மெல்லிசாக ஒரு படலம் ஒட்டும். அதைத் தேய்த்து எடுக்காவிட்டால் இரண்டு மூன்று நாளில் எச்சிலில் உள்ள உப்பு சேர்ந்து கல்லாகிவிடும். அதுதான் காரை. நாயின் எச்சில் நம்முடையதைவிடக் காரத்தன்மை உள்ளது. அதனால் நமக்கு வருகிற மாதிரி சொத்தை அதற்கு அதிகம் வராது, காரைதான் சீக்கிரம் கட்டும். மணி மாதிரி சின்ன வாய் நாய்களுக்குப் பல் நெருக்கியடித்து இருப்பதால் இன்னும் மோசம். காரை ஈறுக்கு அடியில் இறங்கி, பல்லைப் பிடித்திருக்கிற எலும்பையே கரைத்துவிடுகிறது.

இதில் என்னை ஏமாற்றியது ஒன்று உண்டு. அவன் ஒரு வேளைகூடச் சோறு வேண்டாம் என்று சொல்லவில்லை. தட்டு காலியாகிறதே, இவனுக்கு என்ன வலி இருக்கப்போகிறது என்று இருந்துவிட்டேன். முடிந்தவரை அவை சாப்பிடத்தான் செய்யும் என்றார் டாக்டரம்மா. யோசித்துப் பார்த்தால் அவன் எவ்வளவோ சொல்லியிருக்கிறான். இடது பக்கமாகவே மென்றான். பிஸ்கட்டை வாயில் வாங்கிக் கீழே போட்டுவிட்டுத் திரும்ப எடுத்தான். தலையைத் தடவப் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வயசாகிறது, கோபம் வருகிறது என்று நான் அர்த்தம் பண்ணிக்கொண்டேன். இதில் எதைக் கண்டாலும் நீ காத்திருக்காதே. ஒரு மூக்கில் மட்டும் சளியோ ரத்தமோ வந்தாலும் சரி, வாயைத் திறந்து பார்க்கச் சொல்லு.

பல்லைச் சுத்தம் செய்ய மயக்க மருந்து கொடுக்க வேண்டும் என்றதும் எனக்குக் கை நடுங்கியது. ஒன்பது வயது நாய் எழுந்திரிக்காமல் போனால் உனக்கு என்ன பதில் சொல்வேன்? மயக்கம் இல்லாமல் செய்ய முடியாதா என்று கேட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு கிளினிக்கில் அப்படித்தானே செய்தார்கள். இரண்டு பேர் அமுக்கிப் பிடிக்க, கம்பியால் சுரண்டிப் பல்லை வெள்ளையாக்கிக் கொடுத்தார்கள். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வெளியே தெரிகிற காரைதான் போயிற்று, ஈறுக்கு அடியில் இருந்தது அப்படியே இருந்தது. அன்றிலிருந்துதான் அவன் வாயைத் தொடவே விடவில்லை. புனேயில் நாய்க்கு முடி வெட்டுகிற கடையில் மயக்கமில்லாமல் பல் சுத்தம் செய்கிறோம் என்று சொன்னால் சரி என்று சொல்லிவிடாதே.

முதலில் ரத்தம் எடுத்துச் சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் பார்த்தார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். முந்தின ராத்திரிக்குப் பிறகு சாப்பாடு கூடாது என்றார்கள். காலை நாலு மணிக்கு எழுந்து காலித் தட்டை நக்கிக்கொண்டிருந்தவனைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. மயக்கம் கொடுத்ததும் மூச்சுக்குழாயில் டியூப் வைத்துவிடுகிறார்கள், பல்லைக் கழுவுகிற தண்ணீர் நுரையீரலுக்குப் போகாமல் இருக்க. அதிர்கிற கருவியால் காரையை உடைத்து, ஈறுக்கு அடியிலும் சுத்தம் செய்து, கடைசியில் பாலிஷ் போடுகிறார்கள். பாலிஷ் போடாவிட்டால் சொரசொரப்பில் மறுபடியும் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளுமாம். வளர்ந்த நாய்க்கு நாற்பத்திரண்டு பல் இருக்க வேண்டும். நம் மணிக்கு இரண்டு எப்போதோ விழுந்திருக்கிறது, ஏழைப் பிடுங்கினார்கள். மீதி 33. சாயங்காலம் தள்ளாடி நடந்து வந்து என் சேலையில் முகத்தைப் புதைத்தான்.

இரண்டு வாரம் குழைந்த சோறும் கறி வேகவைத்த தண்ணீரும்தான். தையல் தானாகக் கரைந்துவிட்டது. வலிக்கு அவர்கள் எழுதிக் கொடுத்த மருந்து மட்டும் கொடுத்தேன். நாம் போடுகிற வலி மாத்திரையை நீயாக ஒருநாளும் கொடுத்துவிடாதே. இபுப்ரோஃபென் மாதிரியானவை நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

இப்போது தினமும் பல் தேய்க்கிறேன். முதல் வாரம் பிரஷ்ஷே கிடையாது. விரலில் கோழி வேகவைத்த தண்ணீரைத் தொட்டு உதட்டுக்குள் விட்டுத் தடவினேன், அவ்வளவுதான். அப்புறம் விரலில் பேண்டேஜ் துணியைச் சுற்றித் தேய்த்தேன். அதற்கும் பழகிய பிறகுதான் குழந்தைகளுக்கான மெத்தென்ற பிரஷ். வாயைப் பிளக்க வேண்டாம். உதட்டை மட்டும் தூக்கி, பிரஷ்ஷைச் சாய்த்துப் பிடித்து, ஈறும் பல்லும் சேருகிற கோட்டில் சின்னச் சின்ன வட்டமாகத் தேய். வெளிப்பக்கம் போதும், உள்பக்கத்தை நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும். முன்பல்லோடு நிறுத்திவிடாதே. எச்சில் சுரக்கிற வழி மேல் கடைவாய்க்குப் பக்கத்தில் திறப்பதால் காரை அங்கேதான் அதிகம் கட்டும். ஒரு பக்கத்துக்கு அரை நிமிடம் ஆகும். வேலை அலுப்பில் ஒருநாள் விட்டால் பரவாயில்லை. ஆனால் வாரத்துக்கு ஒருமுறை தேய்த்துப் பயனில்லை, அதற்குள் காரை கல்லாகிவிடும்.

நம் பேஸ்ட்டை மட்டும் தொடாதே. அவனுக்குக் கொப்பளிக்கத் தெரியாது, அத்தனையையும் விழுங்குவான். சில பேஸ்ட்டில் இனிப்புக்குச் சைலிட்டால் சேர்க்கிறார்கள். நமக்கு அது ஒன்றும் செய்யாது, நாய்க்கு விஷம். ரத்தத்தில் சர்க்கரையைச் சடாரென்று இறக்கிவிடும், ஈரலையும் கெடுக்கும். சர்க்கரை இல்லாத சூயிங்கத்திலும் அது இருக்கும், உன் கைப்பையை அவனுக்கு எட்டாமல் வை. ஆச்சி உப்பு போட்டுத் தேய் என்கிறார்கள். அதுவும் வேண்டாம். நாய்க்கென்றே கோழி ருசியில் பேஸ்ட் இருக்கிறது. தீர்ந்துபோனால் வெறும் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே போதும், வேலை செய்வது பிரஷ்தான்.

அங்கே போனதும் பல்லுக்கு எக்ஸ்ரே எடுக்கிற, மயக்கம் கொடுத்துச் சுத்தம் செய்கிற டாக்டர் ஒருவரை விசாரித்து வைத்துக்கொள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாயைக் காட்டு. அவன் ரத்தப் பரிசோதனைத் தாள், எந்தெந்தப் பல் போயிற்று என்று டாக்டரம்மா வரைந்து கொடுத்த படம், எல்லாம் பச்சை ஃபைலில் இருக்கிறது.

ராத்திரி எட்டு மணிக்கு நான் ஈரத்துண்டை எடுத்தால் மணி தானாக வந்து அடுக்களை வாசலில் உட்கார்ந்துவிடுகிறான். பேஸ்ட் ருசிக்குத்தான். நீ வந்ததும் முதல் இரண்டு நாள் நான் தேய்ப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார். மூன்றாம் நாள் நீ தேய், நான் அவன் தலையைப் பிடித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா