மதிப்பெண் மட்டும் போதாது, கேள்விப் பட்டியலும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

‘தமிழில் எந்தத் தேடுபொறி சிறந்தது’ என்ற ஒப்பீடுகள் இப்போது நாளிதழ்களிலும் இணையத்திலும் அடிக்கடி வருகின்றன. மதிப்பெண் இருக்கிறது. என்ன கேட்டார்கள், எந்தப் பக்கம் வந்தது, அது பொருத்தம் என்று யார் முடிவு செய்தார்கள் என்ற விவரம் இருப்பதில்லை. அது இல்லாமல் மதிப்பெண்ணைச் சரிபார்க்க வழியே கிடையாது.

தேடல் முறைகளை ஒரே கேள்விகளை வைத்து ஒப்பிட அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 1992 முதல் நடத்திவரும் ட்ரெக் (TREC) மாநாடு இதற்கு நல்ல முன்மாதிரி. எந்த ஆவணம் எந்தக் கேள்விக்குப் பொருத்தம் என்று நடுவர்கள் சொன்னதைப் பதியும் அதன் தீர்ப்புக் கோப்பில் ஒரு வரிக்கு நான்கே விவரங்கள்: கேள்வி எண், வழக்கமாக 0 என்றிருக்கும் ஓர் எண், ஆவணத்தின் அடையாளம், பொருத்த மதிப்பு. இப்படிப்பட்ட கோப்புகளும் தேடுபொறிகளின் முடிவுப் பட்டியல்களும் பொதுவில் இருந்தால், கேள்வியைச் சொடுக்கியதும் இரண்டு தேடுபொறிகளின் முதல் 10 முடிவுகளை அருகருகே காட்டும் வலைக்கருவியைக் கல்லூரி மாணவர்களே செய்துவிடலாம்.

கேள்வி கேள்வியாகப் பார்ப்பது ஏன் முக்கியம்? ஒரு தேடுபொறி எல்லாக் கேள்விக்கும் பத்தில் 6 சரியான முடிவு தருகிறது. இன்னொன்று 10 கேள்விகளில் ஆறுக்குப் பத்தும் சரியாகத் தந்து, நான்கில் முழுதாகக் கோட்டை விடுகிறது. இரண்டுக்கும் சராசரி 0.6 தான். அந்த நான்கும் மருத்துவக் கேள்விகளாக இருந்தால் சராசரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அடுத்த சிக்கல், தீர்ப்பு சொல்லப்படாத முடிவுகள். லட்சக்கணக்கான ஆவணங்களை யாராலும் படித்து முடிக்க முடியாது. அதனால் ட்ரெக்கில் பங்கேற்கும் குழுக்களின் முன்வரிசை முடிவுகளை (பெரும்பாலும் முதல் 100) திரட்டி, அவற்றை மட்டுமே நடுவர்கள் படிக்கிறார்கள். மற்றவை கணக்கில் பொருத்தமற்றவையாகவே சேரும். பிறகு வரும் புதிய தேடுபொறி யாரும் படிக்காத நல்ல பக்கத்தைக் கண்டுபிடித்தாலும் மதிப்பெண் குறையும். ஆகவே கருவி ‘தவறு’ என்பதையும் ‘பார்க்கப்படவில்லை’ என்பதையும் வேறு வேறு நிறத்தில் காட்டியே ஆக வேண்டும்.

தமிழுக்கென்று தனித் தொல்லையும் உண்டு. ‘கௌரவம்’ என்பதைப் பலர் ககரம், ஒற்றைக்கொம்பு, ளகரம் என்று தட்டி ‘கெளரவம்’ ஆக்கிவிடுகிறார்கள். கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுதான், கணினிக்கு இரண்டு வெவ்வேறு சொற்கள். ஒருங்குறியின் (யூனிகோடு) வழக்கமான சீராக்கம், அதாவது ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் முறை, பிரித்துத் தட்டிய ‘கொ’வை ஒன்றாக்கும்; ஆனால் இதைத் தொடாது. எனவே கேள்வியைத் தட்டியபடியே பதிவு செய்ய வேண்டும். படமாக வெளியிட்டால் பிழை எங்கே என்று கண்டுபிடிக்கவே முடியாது.

2022-ல் வெளியான மிராக்கிள் என்ற பன்மொழித் தேடல் தரவுத்தொகுப்பில் 18 மொழிகள். இந்தி, வங்காளம், தெலுங்கு இருக்கின்றன, தமிழ் இல்லை. இது எங்களை உண்மையிலேயே வருத்துகிறது. பல்கலைக்கழகத் துறைகள் சேர்ந்து 50 கேள்விகளும் தீர்ப்புகளும் வெளியிட்டாலே ஒரு நல்ல தொடக்கம்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஒப்பீட்டை வெளியிடும்போது கேள்வி, தேடுபொறி, வரிசை எண், பக்க முகவரி, தேடிய நாளும் நேரமும், ஊர், கணக்கில் நுழைந்திருந்தார்களா என்பது, இரண்டு நடுவர்களின் மதிப்பு தனித்தனியாக என்று ஓர் அட்டவணையை இணையப் பதிப்பில் தரவிறக்கத்துக்கு வையுங்கள். நடுவர்கள் முரண்பட்ட இடங்களைத் திருத்தாமல் அப்படியே விடுங்கள். கேள்வி தெளிவாக இல்லை என்பது பெரும்பாலும் அங்கேதான் தெரியவரும்.

இப்படிக்கு,
தகவல் தேடல் ஆய்வில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்,
கோயம்புத்தூர்