பிள்ளைகளைப் புதுவைக்கு அழைத்துவரும் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பாரதி வீடு, பாரதிதாசன் வீடு, பாரதி பூங்கா மூன்றையும் ஒரே நாளில் பிள்ளைக்குக் காட்டிவிடலாம் என்று வருகிறீர்கள். தாராளமாகக் காட்டலாம். ஆனால் வந்ததும் நேரே கடற்கரைக்குப் போய்விடாதீர்கள். பதினொரு மணி வெயிலில் பாறைகள்மேல் ஏறி இறங்கிய பிள்ளை, பாரதி வீட்டுக்கு வரும்போது தண்ணீரும் தூக்கமும்தான் கேட்கும். அதற்குள் மதிய இடைவேளைக்குக் கதவைச் சாத்தியிருக்கவும் கூடும். காலையில் வீடுகள், மாலையில் பூங்கா, இருட்டியபின் கடல் என்று வரிசையை மாற்றுங்கள். திங்கட்கிழமையும் அரசு விடுமுறை நாளும் வேண்டாம்.

ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் இருக்கிறது பாரதி வீடு. வருவதற்கு முந்தின இரவு பிள்ளைக்கு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லி வையுங்கள்: எட்டயபுரத்தில் பிறந்தவர் இங்கே ஏன் வந்தார்? 1908-இல் பாரதி எழுதிவந்த ‘இந்தியா’ இதழின்மேல் ஆங்கில அரசு வழக்குப் போட்டது. புதுவை அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. ஆங்கிலேயப் போலீஸ் இங்கே வந்து அவரைக் கைது செய்ய முடியாது. இந்த எல்லைக்கோடு புரியாவிட்டால் அந்த வீடு பிள்ளைக்கு ஒரு பழைய வீடு, அவ்வளவுதான். புரிந்துவிட்டால், பத்து ஆண்டுகள் ஊர் திரும்ப முடியாமல் இருந்த ஒரு மனிதரின் வீடு. கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் அந்தப் பத்தாண்டுகளில் பிறந்தவை.

உள்ளே போனபின் பிள்ளைகள் சலித்துப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் எழுத்து. கண்ணாடிக்குள் இருக்கும் பழைய அச்சுப் பக்கங்களை நம் பிள்ளைகளால் தடையின்றிப் படிக்க முடியாது. ‘லை’, ‘னை’ போன்றவற்றில் ஐகாரம் எழுத்தின் தலையில் துதிக்கைபோல் வளைந்திருக்கும். ‘றா’, ‘னா’ போன்றவற்றில் தனிக் கால் இல்லாமல் சுழி எழுத்தோடு ஒட்டியிருக்கும். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தபின் வந்த பாடநூல்களில் இந்த வடிவங்கள் இல்லை. ஒரு தாளில் பழைய வடிவத்தையும் இன்றைய வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கையில் கொடுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது புதிர் விளையாட்டு. கண்டுபிடிக்கும் ஒவ்வோர் எழுத்துக்கும் அடுத்த பெட்டிக்கு ஓடும். பிறகு, அங்கிருப்பவரிடம் கேட்டுக்கொண்டு, பள்ளியில் படித்த பாரதி பாட்டு ஒன்றை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். முக்கால் மணி நேரம் போதும். எல்லாப் படத்துக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டே போகாதீர்கள்.

பாரதிதாசன் வீடு பெருமாள் கோயில் தெருவில். நடந்தே போகலாம், பழைய தமிழ் வீடுகளின் தாழ்வாரமும் திண்ணையும் மிச்சமிருக்கும் தெருக்கள் வழியாகவே போங்கள். தெருவில் போகிறவருக்கு நிழல் தரத்தான் அந்தத் தாழ்வாரம் என்று காட்டுங்கள். 1891-இல் இவ்வூரில் கனகசுப்புரத்தினம் என்ற பெயரில் பிறந்த பாரதிதாசன் பள்ளி ஆசிரியராக இருந்தவர். தமிழ்நாட்டுப் பிள்ளைகளிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: உங்கள் பள்ளியில் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து வேறு, புதுவைப் பள்ளிகளில் பாடுவது வேறு, இங்கே பாடுவது இவர் எழுதியது. வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போது அது ஒன்றே பேச்சுக்குப் போதும்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. மதியம் பல கடைகள் மூடியிருக்கும், தெருவில் நிழல் இருக்காது. மூன்றரை வரை எங்கேயாவது உட்கார்ந்து ஓய்வெடுங்கள். மணக்குள விநாயகர் கோயிலுக்குப் போவதானால் நடை திறந்தபின் மாலையில் போங்கள். பாரதி நான்மணிமாலை பாடியது இந்த விநாயகர்மேல். பழைய பயணக் குறிப்புகளை நம்பி யானையைக் காட்டுகிறேன் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். கோயில் யானை லட்சுமி 2022 நவம்பரில் இறந்துவிட்டது.

அங்கிருந்து பாரதி பூங்கா நடக்கும் தூரம். ஒரு பக்கம் ராஜ் நிவாஸ் என்று அறியப்பட்ட துணைநிலை ஆளுநர் மாளிகை, இன்னொரு பக்கம் சட்டப்பேரவை, நடுவே ஆயி மண்டபம். புதுச்சேரி அரசின் சின்னத்தில் இருப்பது இந்த மண்டபம்தான். சின்னம் பொறித்த பலகை எதையாவது காட்டி ஒப்பிடச் சொல்லுங்கள். விளையாட விடும் முன்பே ஆயி கதையைச் சொல்லிவிட வேண்டும். ஊஞ்சலில் ஏறிவிட்டால் காது கேட்காது. விளக்கொளியில் மின்னிய ஆயியின் மாளிகையைக் கோயில் என்று எண்ணிக் கும்பிட்ட அரசன், உண்மை தெரிந்ததும் இடிக்கச் சொன்னானாம். தானே இடித்து அந்த இடத்தில் குளம் வெட்டினாளாம் ஆயி. பிற்காலத்தில், அந்தக் குளம் இருந்த முத்திரப்பாளையத்திலிருந்து நகருக்குத் தண்ணீர் வந்தபோது, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அவள் நினைவாக எழுந்தது இந்த மண்டபம். அவள் யார் என்று பிள்ளை கேட்டால், கோயிலில் ஆடிய தாசி என்று நேராகவே சொல்லுங்கள். மழுப்பினால் கதையின் மானமே போய்விடும்.

பிறகு விளையாடட்டும், ஒரு மணி நேரமாவது. ஆறு மணிக்குமேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். கையைப் பிடிக்காமலே நடக்க விடலாம். அலையில் மட்டும் இறக்காதீர்கள், அங்கே கரையில் பெரும்பகுதி பாறை.

கடலூர் வழியாக ஊர் திரும்புகிறவர்கள் பிள்ளையைக் கடலூர் வரை தூங்கவிடாமல் பாருங்கள். 1918 நவம்பரில் புதுவை எல்லையைத் தாண்டிய பாரதியைக் கைது செய்தது அந்த வழியில்தான்.

அன்புடன்,
புதுவைக்காரர்கள்