செயலாளர் அறிக்கை 2024-25: நம் ஓடையும் நாம் போட்ட மனுக்களும்

சங்கத்தின் மூத்தவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. தெருவிளக்கு, படிக்கட்டு வேலைகள் முடிந்துவிட்டன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஓடை விஷயத்தைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முந்தைய ஆண்டு இரண்டு முறை ஓடையில் இறங்கி பிளாஸ்டிக்கையும் சேற்றையும் அள்ளினோம். மூன்றே வாரத்தில் மேலிருந்து அதே கருப்புத் தண்ணீர் வந்தது. சனி, ஞாயிறு இரவில் மேலே உள்ள விடுதிகள் நிரம்பினால் திங்கள் காலையில் நாற்றம் வீட்டுக்குள் வருகிறது. இந்தத் தண்ணீர் குன்னூர் ஆற்றில் சேர்ந்து, மேட்டுப்பாளையம் அருகே பவானியில் கலக்கிறது. கீழே அதைக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அதனால் இந்த ஆண்டு மண்வெட்டியை வைத்துவிட்டுப் பேனாவை எடுப்பது என்று செயற்குழு முடிவு செய்தது. நாம் அள்ள அள்ள, அள்ள வைக்க வேண்டிய அதிகாரிகளை யாருமே கேள்வி கேட்கவில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு. பல வருடம் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

1974ஆம் ஆண்டு நீர் மாசு தடுப்புச் சட்டத்தை உட்கார்ந்து படித்தோம். அதன் 24ஆம் பிரிவின்படி, கழிவைத் தெரிந்தே ஓடையில் விடுவது குற்றம்; விட அனுமதிப்பதும் குற்றம். அரசுத் துறையே தவறு செய்தால் துறைத் தலைவரைப் பொறுப்பாக்குகிறது 48ஆம் பிரிவு. இவ்வளவு தெளிவாக எழுதியிருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனு போட்டோம். ஓடையின் தண்ணீரைக் கடைசியாக எந்தத் தேதியில் மாதிரி எடுத்தார்கள், முடிவு என்ன, மேலே உள்ள விடுதிகளில் எவற்றுக்குக் கழிவுநீர் இசைவாணை, அதாவது கழிவுநீரை வெளியேற்றும் அனுமதி, இருக்கிறது, நடவடிக்கை எடுக்க வேண்டிய அதிகாரியின் பதவி எது என்று கேட்டோம். வேறு அலுவலகத்துக்கு உரிய மனு என்றால் 5 நாளில் மாற்றி அனுப்ப வேண்டும். நமக்கு 34ஆம் நாள்தான், "எங்களிடம் இல்லை" என்று பதில் வந்தது. முதல் மேல்முறையீடு செய்த பிறகே உண்மை தெரிந்தது: இரண்டு ஆண்டுகளாக யாரும் மாதிரி எடுக்கவில்லை.

அப்புறம் ஓர் இளம் பொறியாளர் வந்தார். மழையில் நம்மோடு ஏறி, ஓடையில் கழிவுநீர் விட்டபடி புதருக்குள் ஒளிந்திருந்த இரண்டு குழாய்களைப் பார்த்து, அங்கேயே நின்று குறிப்பு எழுதினார். அவருக்கு இந்தக் கூட்டத்தில் நன்றி சொல்ல வேண்டும். ஒரு குழாய் அடைக்கப்பட்டது. இன்னொன்றுக்கு, "நிதி ஒதுக்கீடு இல்லை, வடிகால் வரட்டும்" என்றார்கள் நகராட்சியில். நிதி இல்லை என்று சொல்லி நகராட்சி தன் கடமையிலிருந்து நழுவ முடியாது என்று மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1980லேயே சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பின் நகலை நம் பதில் கடிதத்தோடு இணைத்தோம்.

நம் பக்கமும் சொல்லிவிடுகிறேன். உறுப்பினர் வீடுகள் மூன்றில் குளியலறைத் தண்ணீர் நேராக ஓடைக்குத்தான் போனது. மூவரும் உறிஞ்சுகுழி வெட்டிவிட்டார்கள். இல்லையென்றால் எந்த முகத்தோடு போய் அதிகாரியிடம் கேட்பது?

இரண்டாவது குழாய் இன்னும் ஓடுகிறது. நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 49ஆம் பிரிவுப்படி, குறைந்தது 60 நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு நாமே நீதிமன்றத்தில் புகார் செய்யலாம். முன்னறிவிப்புக் கடிதம் தயார். அதை அனுப்ப இந்தப் பேரவை ஒப்புதல் தர வேண்டும். அறிக்கை முடிந்ததும் தீர்மானத்தை வாசிக்கிறேன்; கையெழுத்துப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது.

செயலாளர்